பாக்கெட் அளவைக் குறைக்கக் கேட்டவர்

ஊருக்கெல்லாம் இன்டர்நெட் கொடுக்கிற இணைப்பு வாரியத்தில் ஒருவர் எதையாவது கூட்டிக் கேட்டால் அவரை ஆசைக்காரர் என்று எழுதிக்கொள்வார்கள். குறைத்துக் கேட்டால் எழுதிக்கொள்ள அவர்களிடம் சொல்லே கிடையாது. அதனால்தான் கண்ணாடிக்காரர் முதல் மேசைக்கு எதிரே போய் நின்று, "என் வீட்டு ரவுட்டர்ல பாக்கெட் அளவு 1500ன்னு இருக்கு சார், அதைக் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க" என்று கேட்டதும், மேசைக்குப் பின்னால் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"குறைக்கணுமா?"

"ஆமா சார்."

"எல்லாரும் கூட்டத்தானே வருவாங்க? வேகத்தைக் கூட்டு, அதைக் கூட்டு, இதைக் கூட்டுன்னு. உங்களுக்கு மட்டும் எதுக்குக் குறையணும்? என்ன விஷயம்?"

விஷயம் என்னவென்று சொல்லக் கண்ணாடிக்காரருக்குக் கூச்சமாக இருந்தது. தலை நரைத்த மனுஷன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை சரிபண்ணிக் கொடுத்தவர், கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக வந்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? "கேம் ஆடறப்போ நின்னு நின்னு போகுது" என்று முணுமுணுத்தார்.

"யார் ஆடறது? பையனா?"

"நான்தான்."

முதல் மேசைக்காரர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இந்த வயசுல கேம். அதுலயும் குறைக்கணும். ம்ம்" என்றார். அந்த "ம்ம்" அன்றிலிருந்து கண்ணாடிக்காரரின் கோப்போடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு வாரியத்தில் யார் அவரைப் பார்த்தாலும் முதலில் "ம்ம்" என்றுதான் சொன்னார்கள்.

உண்மையில் அவர் ஆடியது ஆட்டத்துக்காக இல்லை. அவருடைய ஒரே மகள் வேறு நாட்டில் வேலை பார்க்கிறாள். கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே அந்த வீடு வேண்டாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தவள். வந்த அன்று பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று சொந்தமெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து அவளைக் கேள்வி மேல் கேள்வி கேட்டது. கண்ணாடிக்காரர் எழுந்து உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "அப்பா" என்று அவள் கூப்பிட்டது கதவு வழியாக நன்றாகவே கேட்டது. அவர் வெளியே வரவில்லை. பிறகு அவள் வேலை தேடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அம்மாவோடு போனில் பேசுவாள். அப்பா எங்கே என்று கேட்க மாட்டாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட வருவாள். பாழடைந்த நகரத்தில் ஜோடி ஜோடியாகத் துப்பாக்கியோடு திரிந்து, கடைசிவரை பிழைத்திருக்கிற ஜோடி ஜெயிக்கும் ஆட்டம் அது. கல்யாணத்துக்கு முன்னால் அவளே பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தது. போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய திரையில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் உடனே அழுத்தினார். ஆட்டத்தில் ஆட்டத்தைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை என்று சொல்லாமலே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. "ரத்தம் கம்மியா இருக்கு, மருந்து எடுத்துக்குங்கப்பா" என்பாள். "முதல்ல நீ எடுத்துக்கோம்மா" என்பார். அடுத்த ஞாயிறுவரை அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

சிக்கல் என்னவென்றால், எதிரிகள் கூட்டமாக வருகிற நேரம் பார்த்து அவருடைய ஆள் சிலையாக நின்றுவிடுவான். கொஞ்ச நேரத்தில் திரையிலிருந்தே காணாமல் போவான். அவர் அடித்துப் பிடித்துத் திரும்ப உள்ளே நுழைந்தால் மகளுடைய ஆள் தனியாக அடிபட்டுச் செத்துக் கிடப்பாள்.

"லைன் போயிடுச்சும்மா."

"சரிப்பா."

இப்படிப் பல ஞாயிறுகள் போயின. ஒருநாள் அவள் கேட்டேவிட்டாள். "சும்மா நடக்கறப்போ எல்லாம் போகாத லைன், அடி விழறப்போ மட்டும் எப்படிப்பா போகுது?"

கண்ணாடிக்காரர் திருதிருவென்று விழித்தார். அவள் கேட்டது லைனைப் பற்றி மட்டும் இல்லை என்பது அவருக்குப் புரிந்தது.

அந்த வாரம் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த ஒரு பெண்மணியிடம் பேச்சுவாக்கில் கேட்டார். அவர் ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவர். "நீங்க அனுப்பறது, உங்களுக்கு வர்றது எல்லாம் துண்டு துண்டாத்தான் போகும்" என்றார். "ஒரு துண்டு எவ்வளவு பெரிசா இருக்கலாம்னு ரவுட்டர்ல ஒரு எண் இருக்கும். வழியில எங்கேயாவது அதைவிடக் குறுகலா இருந்தா பெரிய துண்டு மாட்டிக்கும். சத்தம் போடாம அதைத் தூக்கி எறிஞ்சுடும், உங்களுக்குத் தகவல்கூட வராது. சும்மா நடக்கறப்போ துண்டெல்லாம் சின்னது. கூட்டமா சுட ஆரம்பிச்சா துண்டு பெரிசாகும். அப்போ நிக்குது."

"அப்போ எவ்வளவு வைக்கணும்?"

"1492 வெச்சுப் பாருங்க. நின்னா இன்னும் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க. எதுல நிக்காம ஓடுதோ அதான் உங்க எண்."

கண்ணாடிக்காரருக்கு இது சட்டென்று பிடிபட்டது. அவர் தொழிலே அதுதான். ஒரு கண்ணாடித் துண்டைச் செருகி "இது தெளிவா இருக்கா?" என்பார், எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகி "இல்ல, இதுவா?" என்பார். எது தெளிவோ அது அவர்களுடையது. வீட்டுக்குப் போய் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தார். கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல் வாரியத்திடம் இருந்தது.

"பெட்டி உங்க வீட்ல இருக்கு. ஆனா அதோட மனசு எங்ககிட்ட இருக்கு" என்று முதல் மேசைக்காரர் விளக்கினார். "எதுக்கும் அளவுப் பிரிவுக்குப் போய்ப் பாருங்க."

அளவுப் பிரிவுக் கண்காணிப்பாளரின் அறையில், அவர் நாற்காலிக்கு மேலே 1500 என்ற எண்ணைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதற்கென்று தனியாக ஒரு விளக்கு எரிந்தது. கண்காணிப்பாளர் கொழுத்த உடம்பும் மெல்லிய குரலும் கொண்டவர். கோப்பைத் திறந்து, முதல் பக்கத்தைப் பார்த்து, "ம்ம்" என்றார்.

"இந்த எண்ணை யார் நிர்ணயிச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது சார்."

"ஒரு குழு. பெரிய பெரிய ஆளுங்க. ஏன் இந்த எண்ணுன்னு யாரும் கேட்கக் கூடாதுங்கறதுதான் அவங்க போட்ட கடைசித் தீர்மானம். அதைப் போட்ட கையோட குழுவையே கலைச்சுட்டாங்க. இப்போ கேட்கணும்னு நினைச்சாலும் கேட்க ஆள் கிடையாது. எவ்வளவு உறுதியான ஏற்பாடு பாருங்க. பெரிய வீடு, சின்ன வீடு, ஆஸ்பத்திரி, லாட்ஜு, எல்லாருக்கும் ஒரே அளவு. எங்க வாரியத்துல ஏத்தத்தாழ்வே கிடையாது."

"சார், எங்க கடையில எல்லாருக்கும் ஒரே பவர் கண்ணாடியை மாட்டினா பாதிப் பேர் சுவத்துல முட்டிக்குவாங்களே."

"முட்டிக்கட்டுமே. ஒரே மாதிரி முட்டிக்குவாங்க இல்ல? அப்போ யாருக்கும் மனக்குறை வராது."

கண்ணாடிக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு, தன் பிழைப்பு மொழியிலேயே பேசிப் பார்க்கலாம் என்று, "ஒண்ணும் பெரிய விஷயமில்ல சார். ஒரு எண்ணைப் போட்டுப் பாக்கலாம். சரிவரலன்னா இன்னொண்ணைப் போட்டுப் பாக்கலாம்" என்றார்.

கண்காணிப்பாளர் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"போட்டுப் பாக்கறதா? இதை வெளியில யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"சொல்லாதீங்க. போட்டுப் பாத்து, அது சரியா போயிடுச்சுன்னு வைங்க. அப்போ இத்தனை காலமா நாங்க வெச்சிருந்தது என்னன்னு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு எந்தப் பிரிவு பதில் சொல்றது? நாங்க எதையும் போட்டுப் பாக்கறதில்ல ஐயா. முடிவுதான் பண்ணுவோம்." கொஞ்சம் தணிந்து, "நீங்க ஏதாவது போட்டி கம்பெனி அனுப்பின ஆளா?" என்று கேட்டார்.

இல்லை என்று கண்ணாடிக்காரர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். சத்தியம் பண்ணாததைக் கண்காணிப்பாளர் கோப்பில் குறித்துக்கொண்டார்.

இப்படியே போய்வரப் போய்வர, வாரியத்தில் மட்டுமில்லாமல் வீட்டிலும் சந்தேகம் முளைத்தது. விளையாட்டுக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறேன் என்று மனைவியிடம் சொல்ல அவருக்கு வெட்கம். லென்ஸ் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார், வெறுங்கையோடு வருவார். மனைவி கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? என்கிட்ட மறைச்சுட்டு டாக்டர்கிட்ட போறீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். அவர் இல்லை என்றதும், "அப்போ உடம்புக்கு இல்ல" என்று சொல்லி வேறு திசையில் யோசிக்க ஆரம்பித்தாள். கண்ணாடிக்காரரும் யாரையும் நம்புகிற நிலையில் இல்லை. வாரியத்தின் வண்டி தெருவில் போனால்கூடத் தன்னைத்தான் நோட்டம் பார்க்கிறார்களோ என்று ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார். வண்டி சில சமயம் உண்மையிலேயே நின்றது.

கடைசியில் ஒருவழியாக நேரடி ஆய்வுக்கு உத்தரவு வந்தது. ஆட்டம் நிற்பதை அதிகாரிகள் கண்ணால் பார்க்க வேண்டும். எதிர்முனையில் இருப்பவரும் அப்போது ஆட்டத்தில் இருக்க வேண்டும். மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கண்ணாடிக்காரர் நாள் குறித்துக் கொடுத்தார்.

கண்காணிப்பாளரும் சரிபார்ப்பு அதிகாரியும், இருவரும் வந்ததற்குச் சாட்சியாக இன்னொருவரும் வந்தார்கள். சரிபார்ப்பு அதிகாரி ஒல்லியானவர், யார் என்ன சொன்னாலும் "அப்படியா?" என்று கேட்பது அவர் பதவிக்குரிய கடமை. அவர்கள் வருவதற்கு முன்பே லைன்மேன்கள் வந்து தெருவில் மற்ற வீடுகளின் இணைப்பையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள்.

"எதுக்கு சார் மத்தவங்களுக்குக் கட் பண்ணீங்க?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"ஆய்வு நேரத்துல லைன் நல்லா இருக்கணும் இல்ல?" என்றார் கண்காணிப்பாளர். "மேலிடத்துல இருந்து பாக்க வர்றப்போ கோளாறா இருந்தா எங்களுக்கு அசிங்கம்."

"சார், கோளாறைப் பாக்கத்தானே வந்திருக்கீங்க?"

"கோளாறு இருந்தா கண்டிப்பா பாப்போம்" என்றார் கண்காணிப்பாளர் பெருந்தன்மையோடு.

மகள் வந்தாள். இருவரும் இடிந்த கட்டடங்களுக்கு நடுவே நடக்கத் தொடங்கினார்கள். அதிகாரிகள் பின்னால் நின்று பார்த்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சரிபார்ப்பு அதிகாரி கண்காணிப்பாளரின் காதில் ஏதோ சொன்னார்.

"மனுதாரர் வேணும்னே நிறுத்தலாம்" என்றார் கண்காணிப்பாளர். "அதனால நான் ஆடறேன். எழுந்திருங்க."

"சார், உங்களுக்கு ஆடத் தெரியுமா?"

"தெரியாததுதான் நடுநிலை."

கண்ணாடிக்காரரின் ஹெட்போனைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, ஆய்வில் பேச்சு கூடாது என்று அதன் மைக்கை அணைத்துவிட்டு, அவர் நாற்காலியில் அமர்ந்தார். முதலில் ஒரு சுவரைச் சுட்டார். பிறகு வானத்தைச் சுட்டார். மகளுடைய ஆள், அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்து, பக்கத்தில் ஓடிவந்தாள். கண்காணிப்பாளர் திரும்பி அவளை நெஞ்சிலேயே சுட்டார்.

"ஐயோ, அது என் பொண்ணு சார்!"

"பின்னாலேயே வந்துச்சு" என்றார் கண்காணிப்பாளர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே சந்தேகம்." இன்னொரு முறை சுடுவதற்குக் குறிபார்த்தார்.

கண்ணாடிக்காரர் தன் வாழ்நாளில் யார் கையையும் பிடித்து இழுத்தவர் இல்லை. கடையில் கடன் சொல்லிவிட்டுப் போகிறவர்களைக்கூட வாசல்வரை போய் வழியனுப்பி வைப்பவர். அன்றைக்கு என்ன வந்ததோ, கண்காணிப்பாளரின் கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கண்காணிப்பாளர் விடவில்லை. நாற்காலி சுழன்றது, சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து அலமாரிக்கு அடியில் ஓடியது. "எடுங்க சார் கையை! என் பொண்ணைச் சுடாதீங்க!" என்று அவர் போட்ட கூச்சலில், இணைப்புப் போன கோபத்தோடு தெருவில் நின்றிருந்த அக்கம்பக்கமெல்லாம் எட்டிப் பார்த்தது.

இழுபறி முடிந்து பார்த்தபோது திரையில் மகள் விழுந்து கிடந்தாள். ஹெட்போன் இன்னும் கண்காணிப்பாளரின் தலையில்தான் இருந்தது.

"ஏதாவது சொன்னாளா?" என்று கண்ணாடிக்காரர் மூச்சு வாங்கக் கேட்டார்.

"சொல்லிச்சு. 'சரி, புரிஞ்சுதுப்பா'ன்னு சொல்லிச்சு. அப்புறம் போயிடுச்சு." கண்காணிப்பாளர் பொத்தான் போன இடத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "குறிச்சுக்குங்க. ஆய்வின்போது லைன் ஒரு தடவைகூட நிக்கல."

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. திரையில் அவள் பெயர் மங்கலாக, வெளியே இருக்கிறாள் என்ற குறியோடு கிடந்தது. கண்ணாடிக்காரர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனி வரவே மாட்டாளோ என்று பயந்தார். போன் பண்ணலாம்தான். என்னவென்று ஆரம்பிப்பது? நான் சுடவில்லை, அளவுப் பிரிவுக் கண்காணிப்பாளர் சுட்டார் என்றால் அதை யார் நம்புவார்கள்? எண்ணை மாற்றிவிட்டால், ஒரே ஒரு ஆட்டம் கடைசிவரை அவள் பக்கத்தில் நின்றுவிட்டால், பிறகு எதுவும் சொல்லவே வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. அதனால் வாரியத்துக்குப் போவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

வாரியத்தில் இப்போது அவர் மேல் இரண்டு விஷயம் நிலுவையில் இருந்தது. ஒன்று அவர் கொடுத்த மனு. இன்னொன்று, அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்ததற்கு விளக்கம் கேட்டு வாரியம் கொடுத்த நோட்டீஸ். இரண்டையும் ஒரே விசாரணையில் முடித்துவிடலாம் என்று தலைவர் பெரிய மனது பண்ணினார்.

விசாரணைக் கூடத்தில் ஒரு நீண்ட மேசை. மேசையின் ஒரு பக்கம் முழுக்க வாரியம். மறுபக்கம் கண்ணாடிக்காரர் மட்டும். தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் நல்ல குரல்வளம் உள்ளவர், அதை வீணாக்குவதில்லை.

"இந்த வாரியம் யாரையும் சந்தேகப்படறதில்ல" என்று ஆரம்பித்தார். "நிரூபிக்கிற வரைக்கும் நம்பறதில்ல, அவ்வளவுதான். நிரூபிச்சவங்களையும், ஏன் இவ்வளவு சிரமப்பட்டு நிரூபிக்கிறாங்கன்னு ஒரு கண் வெச்சுக்குவோம். இந்த மனுதாரர் சொல்றார், 1492 போதும்னு. போதும்னு சொல்ற ஆளை இந்தக் கட்டடத்துல யாராவது இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?"

யாரும் பார்த்ததில்லை.

"1492ங்கறது என்ன எண்ணுன்னு எனக்கும் தெரியும். எங்க வீட்லயே அதான் இருக்கு. என் மகன் ஆடறான், நின்னு நின்னு போகுதுன்னு அழுதான், ஒரு போன் பண்ணேன், மாத்திட்டாங்க. இப்போ நல்லா ஓடுது. ஆனா அது வேற. அங்க யாரும் மனு குடுக்கல. மனு இல்லாத இடத்துல நாங்க எதை வெச்சு மறுக்கறது?"

மேசையின் ஒரு பக்கம் முழுவதும் தலையாட்டியது.

"எதிர்முனையை விசாரிச்சாச்சா?" என்றார் தலைவர்.

"ஆச்சு சார்" என்று சரிபார்ப்பு அதிகாரி எழுந்தார். "நேத்து போன் பண்ணிப் பேசினேன். பதிவு பண்ணியிருக்கேன். மனுதாரருக்கு எதிரா நல்ல ஆதாரம் கிடைச்சிருக்கு."

கண்ணாடிக்காரர் துள்ளி எழுந்தார். "என் பொண்ணுக்கா போன் பண்ணீங்க?" என்றார். அவரை உட்காரச் சொன்னார்கள். பதிவை ஓடவிட்டார்கள்.

முதலில் சரிபார்ப்பு அதிகாரியின் குரல் வந்தது. "உங்க அப்பா, முக்கியமான நேரத்துல விட்டுட்டுப் போற ஆளா?"

பிறகு மகளின் குரல். "ஆமா."

சரிபார்ப்பு அதிகாரி பதிவை நிறுத்தி, அந்த "ஆமா" எல்லோருக்கும் கேட்டதா என்று விசாரித்துவிட்டு மறுபடி ஓடவிட்டார்.

"ஆக, கோளாறு லைன்ல இல்ல, ஆள்ல."

"இதெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க? நீங்க யாரு?"

"இணைப்பு வாரியம். உங்க அப்பா மேல சந்தேகம் இருக்கும்மா. உங்ககூட ஆடறப்போ லைன் நிக்குதாம், அளவை மாத்துங்கன்னு வாரா வாரம் வந்து நிக்கறார். முடியாதுன்னு எத்தனையோ தடவை சொல்லியாச்சு. வெளியில பெஞ்சில உக்காந்தே இருக்கார். சாப்பிடக்கூடப் போறதில்ல. சாதாரண ஆள் ஒரு எண்ணுக்காக இப்படி நிப்பாரா?"

"அப்பாவா?"

"அப்படியான்னு நானும் கேட்டேன். அவர்தான். அதுமட்டுமில்ல. ஆய்வுக்கு வந்த எங்க கண்காணிப்பாளர் நியாயமா உங்களைச் சுட்டப்போ..."

"சுட்டது அப்பா இல்லையா?"

"இல்லம்மா, எங்க கண்காணிப்பாளர். உங்க அப்பா அவர் கையைப் பிடிச்சு இழுத்துட்டார். என் பொண்ணைச் சுடாதேன்னு ஒரே கூச்சல். தெருவே கூடிடுச்சு. கடமையில இருக்கற அதிகாரி சட்டைப் பொத்தான் அறுந்துபோச்சு."

"எங்க அப்பாவா? எழுந்து வந்தாரா?"

"சாட்சி இருக்கு."

அதற்குப் பிறகு பதிவில் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் போன் வைக்கப்பட்டது.

"அந்தச் சத்தம் என்ன?" என்றார் தலைவர்.

"சாட்சி சிரிச்சாங்க சார். இல்லன்னா அழுதாங்க. சரியா தெரியல."

இதில் வாரியம் இரண்டாகப் பிரிந்தது. சிரிப்பு என்றால் அது வாரியத்தை அவமதித்தது, அழுகை என்றால் அது சாட்சிக்குக் கொடுத்த நெருக்கடி என்று ஆகிவிடும், அதனால் இருமல் என்று எழுதிக்கொள்ளலாம் என்று கண்காணிப்பாளர் யோசனை சொன்னார். வெகுநேரம் பேசினார்கள். கண்ணாடிக்காரர் மெதுவாக எழுந்தார்.

"சார், அதை இன்னொரு தடவை போடுங்க."

"எதை?"

"என் பொண்ணு பேசினதை."

தலைவர் முன்னால் சாய்ந்தார். "இது உங்களுக்கு எதிரான ஆதாரம். தெரியும் இல்ல?"

"தெரியும் சார். இன்னொரு தடவை போடுங்க."

தனக்கு எதிரான ஆதாரத்தை ஒருவன் மறுபடியும் கேட்க விரும்புவது வாரியத்தின் அனுபவத்தில் இல்லாத சங்கதி. இதுவரை பார்த்ததிலேயே இதுதான் மிகவும் சந்தேகத்துக்குரியது என்று தலைவர் குறிப்பெழுதச் சொன்னார். பதிவை மறுபடி போட முடியாது என்று முடிவாயிற்று. மனுவைப் பற்றிய முடிவு பின்னால் தெரிவிக்கப்படும் என்றும், அதுவரை மனுதாரர் மேல் ஒரு கண் இருக்கட்டும் என்றும் சொல்லிக் கூட்டம் கலைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கண்ணாடிக்காரர் திரைமுன்னால் உட்காரவில்லை. கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். மனைவியின் போன் அடித்தது. அவள் எடுத்துப் பேசினாள். இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கணவனை ஒரு விதமாகப் பார்த்தபடி போனை நீட்டினாள்.

"உங்களைத்தான் கேக்கறா."

அவர் வாங்கிக் காதில் வைத்தார். ஆட்டம் இல்லாமல் எப்படிப் பேசுவது என்று இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது.

"பொத்தான் அறுந்துபோச்சாமே" என்றாள் மகள் கடைசியில்.

"ஆமாம்மா. அலமாரிக்கு அடியில இருந்துச்சு, எடுத்துக் குடுத்துட்டேன்."

அவள் சிரித்தாள். இந்த முறை அது சிரிப்பு என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. பிறகு சிரிப்பு நின்றது. "அன்னிக்கு ஏன்ப்பா உள்ள போனீங்க?" என்று கேட்டாள்.

கண்ணாடிக்காரர் சுவரைப் பார்த்தார். இத்தனை நாள் இந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஓர் எண்ணின் பின்னால் அலைந்தோம் என்று அப்போது அவருக்கே விளங்கியது.

"பயந்துட்டேன்மா. உன் பக்கம் பேசினா எங்க அண்ணனை எதுத்துப் பேசணும். சின்ன வயசுலேர்ந்து அவர் முன்னாடி நான் வாயே திறந்ததில்ல. நீ கூப்பிட்டது கேட்டுச்சு. கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்னுட்டிருந்தேன். தாழ்ப்பாள்ல கை வெச்சுக்கிட்டே நின்னேன். திறக்கல. தப்பு பண்ணிட்டேன்."

எதிர்முனையில் சத்தமே இல்லை. சொன்னது போய்ச் சேர்ந்ததா, வழியில் எங்கேயாவது விழுந்துவிட்டதா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. கூப்பிட்டுப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. அந்த நேரத்தில் வாசல் கதவைத் தட்டினார்கள்.

போனைக் காதோடு வைத்துக்கொண்டே போய்த் திறந்தார். கண்காணிப்பாளர் புதுப் பொத்தான் தைத்த சட்டையோடு நின்றிருந்தார். பக்கத்தில் சரிபார்ப்பு அதிகாரி. பின்னால் சாட்சி.

"உங்களுக்கு அதிர்ஷ்டம் ஐயா" என்றார் கண்காணிப்பாளர். "தலைவர் வீட்டுப் பையன் உங்க கேஸைக் கேள்விப்பட்டுப் பாவம்னு சொல்லியிருக்கு. 1492 அனுமதி ஆயிடுச்சு. வாரிய வரலாற்றுலயே முதல் தடவை. நீங்க இப்பவே வந்து பெட்டிக்கு எதிர்ல நின்னீங்கன்னா மாத்திடுவோம். போனை வைங்க."

"இப்போ முடியாது சார். பேசிக்கிட்டிருக்கேன்."

"இப்போ இல்லன்னா ரத்தாயிடும். திரும்ப முதல் மேசையிலேர்ந்து வரணும்."

"ரத்து பண்ணிக்குங்க."

கண்காணிப்பாளர் சரிபார்ப்பு அதிகாரியைப் பார்த்தார். "அப்படியா?" என்றார் சரிபார்ப்பு அதிகாரி. கண்ணாடிக்காரர் கதவைச் சாத்தினார். சாத்திய கதவின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். வெளியே "ம்ம்" என்று யாரோ சொல்வது கேட்டது.

"அப்பா" என்றாள் மகள். குரல் கம்மியிருந்தது. "யாருப்பா வந்தது?"

"யாரும் இல்லம்மா. நீ சொல்லு."